விலகி நிற்றல்

மே மாதம். காலை நாலே கால்.
சிக்னாவ் மேட்டில் இடுப்பளவு புல்,
என் கால்சட்டை தொடைவரை நனைந்துவிட்டது.
தலைக்கு மேல் உர்சினாவின் ட்ரோன் இரைகிறது.
திரையில் மேடு முழுக்கச் சாம்பல்,
நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு.
"இடது பக்கம் போ. இன்னும். நில், காலடியில்."

ஏழு மணிக்கு கெர்பரின் புல்வெட்டி வரும்.
மறி ஓடாது.
அசையாதே என்ற ஒன்றைத்தான்
மூன்று நாள் வயதில் அது கற்றிருக்கிறது.
நரிக்கு அது போதும்.
டீசலுக்குப் போதாது.

கையுறைமேல் புல்லைக் கசக்கித் தேய்க்கிறேன்.
லாங்நாவ் ஆஸ்பத்திரியில் தரை துடைப்பவள் நான்,
எதையும் தொடுமுன் கை சுத்தம் செய்யத் தெரியும்.
இங்கே சுத்தம் என்றால்
நான் இல்லாததுபோல் மணப்பது.
இரு கை நிறையப் புல்லோடு சேர்த்து அள்ளினேன்.
கனமே இல்லை. இதயம் மட்டும் இருந்தது.
காட்டோரம் கூடையைக் கவிழ்த்து மூடினோம்.
மரங்களுக்குள் இரண்டு காதுகள்
எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டிருந்தன.

ஐந்தரைக்கு ஓட்டப்பயிற்சிக்காரன் ஒருவன் வந்தான்,
மேல்சட்டைக்குள் இன்னொரு மறி.
"அனாதை" என்றான். கண் கலங்கியிருந்தது.
"முக்கால் மணி நேரம் பக்கத்திலேயே நின்றேன்.
தாய் வரவேயில்லை."
உர்சினா ஏதோ சொல்ல வாயெடுத்து
திரையைத் துடைத்தாள்.
அவன் சட்டையில் சலவைத்தூள் வாசம்,
லாவெண்டர்.

நான் அவனைத் திட்டியிருக்கலாம்.
எனக்கு வேறொரு காலை நினைவுக்கு வந்தது:
மூன்றாம் மாடி, மூடிய தட்டில் இரண்டு தோசை,
கதவுக்குள் என் மகள் தூங்குகிறாள்.
ஐந்துக்குப் போய் ஏழேகாலுக்குத் திரும்பும் வேலை.
திரும்பியபோது படியில்
கோப்போடு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.
பக்கத்து வீட்டார் கவலைப்பட்டு அழைத்தார்களாம்.
மிக இதமான குரல்.
"பிள்ளையைப் பார்க்க யாருமே இல்லையா?"
இருக்கிறேன் என்று சொல்ல
அந்த மொழியில் அன்று எனக்கு
வினைச்சொல் கிடைக்கவில்லை.

எடுத்த இடம் அவனுக்குச் சரியாகத் தெரியவில்லை.
அவன் சப்பாத்து மிதித்த தடம்தான் வழிகாட்டியது,
நரிக்கும் அதுவே வழிகாட்டும்.
ஈரப்புல்லால் மறியை உடம்பெல்லாம் தேய்த்தோம்,
லாவெண்டர் போகவில்லை.
வைத்துவிட்டு சாலைக்கு அப்பால் போனோம்.
அவனையும் இழுத்துக்கொண்டு.
அவன் மூன்று முறை திரும்பிப் பார்த்தான்.

பெண்மான் வெளியே வந்தது.
பத்தடி. காற்றை முகர்ந்தது.
முன்காலால் தரையை உதைத்து
நாய்போலக் குரைத்தது, ஒரே ஒரு தரம்.
மீண்டும் மரங்கள்.

கெர்பர் வானத்தைப் பார்த்தார். மதியம் மழையாம்.
காயாத புல் அவருக்குக் காசு.
ஒன்றும் பேசாமல்
நாலு கழி எடுத்துவந்து மூலையில் நட்டார்,
அதைச் சுற்றி வெட்டத் தொடங்கினார்.
எனக்கு ஏழு பன்னிரண்டுக்குப் பேருந்து.

பதினொரு மணிக்கு, துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு
உர்சினாவின் செய்தியை வாசித்தேன்:
"இரண்டாம் முறை வந்தாள். மோந்தாள்.
நக்கவில்லை. போகவும் இல்லை."
அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை.
அவளும் எழும்பிப் போயிருப்பாள்,
மான் தனியாக இருக்கட்டும் என்று.

மறுநாள் பேருந்து அந்த வளைவில் ஏறியது.
சிரைத்த மேட்டில்
ஓர் அறையளவு புல் மட்டும் நின்றிருந்தது.
உள்ளே என்ன என்று தெரியவில்லை.
நிறுத்தும் பொத்தானில் விரல் வைத்தேன்.
சிவப்பு, வழவழப்பு, கொஞ்சம் சூடு.

அழுத்தவில்லை.